அரை நிமிடப் பூட்டு

தன் மூளை பழுதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. வந்தவர் சபையின் போதகர். வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய தொடுதிரை டேப் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, அதன்மேல் வைத்த கையை எடுக்காமலே நின்றார்.

"கருவி நல்லாத்தான் இருக்கு தம்பி. குறை என்கிட்ட. அதை உறுதிப்படுத்திக்கிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

கடைக்காரருக்கு நாற்பத்து மூன்று வயது, தொந்தியும் உண்டு. ஆனாலும் தெரு முழுவதற்கும் அவர் 'தம்பி'தான். காரணம், கடையின் பின்னறையில் உட்கார்ந்திருக்கும் அக்கா. ரயில்வேயில் முப்பத்து நான்கு வருடம் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு வண்டி ஒரு நிலையத்தில் மூன்று நிமிடம் கூடுதலாக நின்றால் அது எந்த ஊரில் யாருடைய சாப்பாட்டைக் கெடுக்கும் என்று கணக்கிட்டே பழகிய மூளை. தெருவில் சாவி தொலைந்தாலும் அக்காவிடம்தான் வருவார்கள். மாப்பிள்ளை சொன்ன உத்தியோகம் பொய்யா மெய்யா என்று தெரிய வேண்டுமென்றாலும் அக்காவிடம்தான் வருவார்கள். தம்பி தன்னை அவருக்கு வலது கையாகத் தானே நியமித்துக்கொண்டவர். எள் என்றால் எண்ணெயாக நிற்பார். சில சமயம் அக்கா எள் என்று சொல்வதற்கு முன்பே எண்ணெயாகிவிடுவார், அதுதான் சிக்கல்.

"அக்கா, ஐயா வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

பின்னறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தபிறகு போதகர் சொல்லத் தொடங்கினார். இருபத்திரண்டு வருடமாக அவர் சபைக் காரியங்களையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான் எழுதி வந்தார். இரண்டு மாதத்துக்கு முன் மகள் இந்த டேப்பை வாங்கிக் கொடுத்தாள். செயலி போட்டுக் கொடுத்தது தம்பி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. என்றைக்குப் போக வேண்டும் என்று தேதி போட்டால், அந்த நாள் காலையில் அந்த வரி மேலே வந்து நிற்கும். போய்வந்ததும் 'முடிந்தது' என்று குறித்தால் பட்டியலிலிருந்து இறங்கிவிடும்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். முதல் பக்கம் பார்த்தவர் இரண்டாவது பக்கத்துக்குப் போனார், பிறகு நிறுத்தவே இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டுக்கு எதிரே 'காது மந்தம், சன்னலைத் தட்டு' என்றிருந்தது. இன்னொன்றில் 'நாய் கடிக்காது, குரைத்தால் அவர் வெட்கப்படுவார், கவனிக்காததுபோல் இரு.' இன்னொன்றில் 'பரீட்சை பதினான்காம் தேதி, முடிவைக் கேட்காதே, அவனே சொல்வான்.' நோயாளிகள் நீல நிறம், துக்க வீடுகள் பழுப்பு. தெரு வாரியாகக் கோர்த்து, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பத்து நிமிடம் வெற்றாக விடப்பட்டிருந்தது.

"இந்தப் பத்து நிமிஷம் எதுக்கு?" என்றார் அக்கா.

"வாசல் வரைக்கும் வந்து, கிளம்பும்போதுதான் சிலர் உண்மையைச் சொல்வாங்க. அதுக்கு."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். தன் வாழ்நாளில் இவ்வளவு நல்ல அட்டவணையைப் பார்த்ததில்லை என்று தோன்றியது அவருக்கு, அதை வாய்விட்டே சொன்னார். அக்கா யாரையும் சுலபத்தில் பாராட்டுகிறவர் இல்லை என்பதால் தம்பிக்குத்தான் புல்லரித்தது.

"அப்புறம் எங்க இடிக்குது?"

"பேர் காணாமப் போகுது. படுத்த படுக்கையா இருக்கிற நம்ம கொத்தனார், சாரத்துலேருந்து விழுந்தவர், வாராவாரம் வியாழக்கிழமை அவர் வீடு. நாலு வியாழக்கிழமை அந்த வரியே இல்ல. இல்லன்னா என்ன அர்த்தம்? போய்ட்டு வந்து குறிச்சிட்டேன்னுதானே. போயிட்டு வந்திருப்பேன்னு நானும் நம்பிட்டேன். எனக்கு ஞாபகம் இல்லையேன்னு மனசு சொல்லும். ஆனா இப்போல்லாம் நான் இந்தக் கருவியைத்தான் நம்புறேன், என்னை நம்பறதில்ல. எங்கப்பாவுக்கு அறுபது வயசுல மறதி ஆரம்பிச்சுது. கடைசியில என்னையே 'தம்பி யாரு'ன்னு கேட்டார். எனக்கு இப்போ ஐம்பத்தொன்பது."

கொத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, 'ஐயாவுக்கு நான் செத்தவன் கணக்கு' என்று சொன்னாராம். சபைச் செயலாளரின் மனைவி இறந்து ஒரு வருடம் ஆன அன்று, காலை பத்து மணிக்கு ஜெபிக்க வருவதாகச் சொல்லியிருந்த போதகர் அங்கும் போகவில்லை. நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிட்டு மனிதர் ஒரு மணி வரை காத்திருந்தாராம்.

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு கமிட்டி கூடுது. ராஜினாமாக் கடிதம் எழுதி செயலாளர்கிட்ட கொடுத்துட்டேன். மறதிக்காரன் கையில மத்தவங்க துக்கத்தை ஒப்படைக்கக் கூடாதும்மா."

"விரல் தெரியாமப் பட்டுப் போயிருக்குமோ?" என்றார் அக்கா.

தம்பி நெஞ்சை நிமிர்த்தினார். "அதுக்கு வழியே இல்லக்கா. நான்தான் பூட்டு போட்டிருக்கேன். சும்மா தொட்டா ஒண்ணும் ஆகாது. வரிமேல விரலை வச்சு அரை நிமிஷம் எடுக்காம அழுத்திப் பிடிக்கணும். பக்கத்துல ஒரு வளையம் சுத்தி வரும், அது மூடினாத்தான் வரி போகும். எந்த மனுஷன் தெரியாம அரை நிமிஷம் பிடிப்பான்? இது யாரோ வேணும்னே செஞ்ச வேலை."

"சத்தம் எதுவும் வராதா?"

"ஐயாதான் சத்தம், அதிர்வு எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போது தொந்தரவாம்."

பேசிக்கொண்டே தம்பி 'முடிந்தவை' என்ற பகுதியைத் திறந்தார். போதகர் தாம் குறித்ததாக நினைவில்லாத வரிகள் பதினேழு. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் இருந்தது. தம்பியின் கண் விரிந்தது. "அக்கா, பதினேழும் விடியக்காலம் அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல. அந்த நேரத்துல இது யார்கிட்ட இருக்கும் ஐயா?"

போதகரின் முகம் வெளுத்துப்போனது. "என்கிட்டத்தான். என் அறையில, கதவைச் சாத்திக்கிட்டு இருப்பேன்." எட்டி அந்த நேரங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்போ நானேதான்" என்றார்.

தம்பிக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. துப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வந்த மனிதரைக் குழியில் தள்ளிவிட்டோமே என்று இருந்தது.

அக்கா மட்டும் பதறவில்லை. "அந்த நேரத்துல என்ன செய்வீங்க?"

"பட்டியலைப் பார்ப்பேன்" என்றார் போதகர், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. "அதுலயும் ஒரு கோளாறு இருக்கும்மா. ஒரு பேர்ல விரல் இருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா அடுத்த பேர்ல இருக்கும். நான் எப்போ நகர்த்தினேன்னே தெரியாது. அதையும் டாக்டர்கிட்டச் சொல்லணும்."

"ஒரு மணி நேரமாப் பட்டியலைப் பார்ப்பீங்களா?"

"ஆமா" என்றதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. "உங்க பழைய நோட்டு இருக்கா? கடைசி வருஷத்தோடது போதும்."

அன்று சாயங்காலம் நோட்டை வாங்கிவரத் தம்பியே போனார். போன இடத்தில் சும்மா இருப்பாரா? போதகரம்மாவிடம் பேச்சுக்கொடுத்து ஒரு துப்போடு திரும்பினார்.

"அக்கா, முடிஞ்சுது கதை. டேப்பைத் திறக்க ரெண்டு பேரோட விரல் ரேகைதான் பதிவாகியிருக்கு. ஒண்ணு ஐயா, இன்னொண்ணு அம்மா. டாக்டர் போன மாசமே அலைச்சலைக் குறைக்கச் சொல்லியிருக்கார். 'சொன்னா எங்க கேட்கிறாங்க'ன்னு அம்மா என்கிட்டயே அலுத்துக்கிட்டாங்க. போன பேர் எல்லாமே பாரு, நீலமும் பழுப்பும்தான். பிறந்தநாள், கல்யாண நாள் ஒண்ணு கூடப் போகல. வியாதி வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் புருஷன் போய் உடம்பைக் கெடுத்துக்கக் கூடாதுன்னு அம்மாதான் எடுக்கிறாங்க."

"கதவைச் சாத்திக்கிட்டு அவர் கையில வச்சிருக்கும்போது எப்படி எடுப்பாங்க?"

தம்பி யோசித்தார். "அப்போ செயலாளர். பேப்பர்தான் நல்லதுன்னு ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்காரு."

"அவருக்கு விரல் ரேகையும் இல்ல, சாத்தின கதவும் திறக்காது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க. நோட்டைக் கொடு."

அக்கா நோட்டை விளக்கடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நேர்த்தியான கையெழுத்து. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் குறிப்பு. ஆனால் சில வரிகளில் மட்டும் பெயர் கலங்கிப்போயிருந்தது. மை மங்கி, தாள் மெழுகு பூசியதுபோல் பளபளத்தது. ஓரிடத்தில் தாள் தேய்ந்து சின்னத் துளையே விழுந்திருந்தது.

"எலி" என்றார் தம்பி.

"எலிக்கு ஒரே ஒரு பேர் மட்டும்தான் பிடிக்குமா?"

அக்கா பென்சிலை எடுத்துத் தேய்ந்த பெயர்களை ஒரு தாளில் எழுதினார். டேப்பில் காணாமற்போனவை என்று மத்தியானமே தம்பி குறித்துவைத்திருந்த பெயர்களைப் பக்கத்தில் எழுதினார். பதினேழு வரிகளிலும் திரும்பத் திரும்ப வந்தவர்கள் மொத்தம் ஏழே பேர். ஏழு பேருமே நோட்டில் தேய்ந்திருந்தார்கள். துளை விழுந்த இடத்தில் இருந்தது கொத்தனார்.

அக்கா வெகுநேரம் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததைத் தம்பி அன்றைக்குத்தான் பார்த்தார், என்ன ஏது என்று கேட்கத் துணிவு வரவில்லை. "நாளைக்குப் பதினோரு மணிக்கு அவங்க வீட்டுல எல்லாரும் இருக்கணும்" என்று மட்டும் அக்கா சொன்னார். "செயலாளரையும் வரச் சொல்லு. கடிதத்தோட."

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் போதகர் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். முதுகை வளைக்காமல் உட்கார்ந்து, சட்டைப்பையில் கடித உறை தெரிய, யாரையும் பார்க்காமல் இருந்தார். போதகரம்மா கதவோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தம்பிக்கு இன்னும் யார் குற்றவாளி என்று தெரியாது. அதனால் இருவரையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இந்தக் கூட்டம் எதுக்குன்னு புரியல" என்றார் செயலாளர். "நான் அப்பவே சொன்னேன். எழுத்துன்னா தாள்ல இருக்கணும். கண்ணாடியில எழுதினா அழியத்தான் செய்யும்."

"கருவி அழிக்கல. அழுத்தினாத்தான் அழியும்" என்றார் அக்கா. "அரை நிமிஷம் ஒருத்தர் விரல் எடுக்காம அழுத்தியிருக்கணும். அது யாருன்னு நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அதனால கண்ணாலயே பாருங்க." போதகர் பக்கம் திரும்பினார். "ஐயா, விடியக்காலம் அறைக்குள்ள பட்டியலைப் பார்ப்பேன்னு சொன்னீங்க. அதே மாதிரி இப்போ பாருங்க."

போதகர் தலையை அசைத்தார். "அது வேண்டாம்மா. கதவைச் சாத்திக்கிட்டுச் செய்யறது வெளியே காட்டறதுக்கு இல்ல."

"தெரியும். அதனாலதான் 'பார்ப்பேன்'னு சொல்லி நிறுத்திட்டீங்க. பொய் சொல்லல, பாதி சொன்னீங்க. இன்னைக்கு ஒரு தடவை மட்டும் கதவைத் திறந்து வையுங்க. நீங்க இந்த வேலையில இருக்கணுமா போகணுமாங்கிறது அதுலதான் இருக்கு."

போதகர் மனைவியைப் பார்த்தார். "செய்யுங்க" என்றார் அவர். போதகர் டேப்பை மடியில் வைத்துக்கொண்டார். அக்கா விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் அடக்கிவிட்டு, செயலாளரை அவர் பக்கத்து நாற்காலிக்கு வரச் சொன்னார். தம்பி பின்னால் போய் நின்றார்.

முதல் வரி, பாடற்குழுவில் பாடும் ஒரு பெண்ணின் பிறந்தநாள். போதகர் கட்டைவிரலை அந்தப் பெயர்மேல் வைத்தார், கண்ணை மூடினார், உதடு அசைந்தது. நான்கைந்து வினாடிதான். பக்கத்தில் வளையம் கொஞ்சம் சுற்றத் தொடங்கி, விரலை எடுத்ததும் மறைந்தது. அடுத்தது புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி. அதுவும் அப்படியே.

மூன்றாவது பழுப்பு வரி. போதகரின் கட்டைவிரல் அதன்மேல் போய் நின்றது, கண் மூடியது. செயலாளர் எட்டிப் பார்த்தார். அங்கே இருந்தது அவருடைய பெயர். கீழே குறிப்பு: 'ஒரு வருட நாளில் போகாமல் விட்டேன். பத்து மணிக்கு நாற்காலி போட்டிருந்தாராம். எந்த முகத்தோடு போவேன்? இருந்தாலும் திங்கட்கிழமை போக வேண்டும்.'

பத்து வினாடி. இருபது. போதகரின் நெற்றி சுருங்கியது. விரல் பெயரை அழுத்தியது, கட்டிலில் கிடப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்போல. வளையம் மெல்லச் சுற்றி வந்து மூடியது. செயலாளரின் பெயர் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறைந்தது. கீழே இருந்த பெயர் ஒரு படி மேலேறி, போதகரின் விரலடியில் வந்து நின்றது. விரலை எடுத்து மறுபடி வைக்காததால் அதற்கு வளையம் சுற்றவில்லை.

போதகர் கண் திறக்கவில்லை. பெயர் போன பிறகும் ஜெபம் போய்க்கொண்டிருந்தது. தம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று நிமிடம் ஆனது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை.

கண் திறந்த போதகர் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "பாருங்க, இதைத்தான் சொன்னேன். விரல் அடுத்த பேர்ல இருக்கு. நான் நகர்த்தவே இல்ல."

"நீங்க நகர்த்தல ஐயா" என்றார் அக்கா. "பேர்தான் நகர்ந்தது. இருபத்திரண்டு வருஷமா நோட்டுல பேர்மேல விரலை வச்சு, கண்ணை மூடி ஜெபிச்சிருக்கீங்க. தாள் பொறுத்துக்கிட்டுது, கொஞ்சம் தேஞ்சுது, அவ்வளவுதான். கண்ணாடி அப்படி இல்ல. அரை நிமிஷம் பிடிச்சா 'வேலை முடிஞ்சுது'ன்னு எடுத்துக்கும். பிறந்தநாளுக்கு அஞ்சு வினாடி போதும், அதனால பிறந்தநாள் எதுவும் போகல. யாருக்காக மனசு உருகி ரொம்ப நேரம் ஜெபிச்சீங்களோ அவங்க பேர் மட்டும்தான் போச்சு. திங்கட்கிழமை ஜெபிச்சா வியாழக்கிழமை வரி இருக்காது. 'போயிட்டு வந்துட்டேன் போல'ன்னு நம்பிட்டீங்க."

அக்கா நோட்டைத் திறந்து துளை விழுந்த பக்கத்தை எல்லோருக்கும் காட்டினார். "மறதிக்காரன் கையில துக்கத்தை ஒப்படைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, நியாயம்தான். ஆனா இந்தப் பதினேழு வரியும் நீங்க மறந்த கணக்கு இல்ல. மறக்காத கணக்கு. முப்பத்து நாலு வருஷத்துல நான் எத்தனையோ அட்டவணையில தப்பு கண்டுபிடிச்சிருக்கேன். கும்பிட்டுட்டு எழுந்து போகணும்னு தோணின தப்பு இது ஒண்ணுதான்."

போதகரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டு மாதமாக அவர் கணவர் தூங்காமல் புரண்டது எதற்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

போதகர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எங்கப்பா மாதிரி இல்லையா?" என்று கேட்டார். அந்தக் குரல் ஐம்பத்தொன்பது வயதுக் குரலாக இல்லை.

"இல்ல" என்றார் அக்கா.

தம்பிக்குத்தான் நிற்க முடியவில்லை. "ஐயா, என் பூட்டுதான் திருடன். எந்த மனுஷன் தெரியாம அரை நிமிஷம் பிடிப்பான்னு நேத்து வாய் கிழியப் பேசினேன். இப்பவே அஞ்சு நிமிஷமா மாத்திடறேன்."

"அஞ்சு நிமிஷம் பத்தாதுப்பா" என்றார் போதகரம்மா. "கொத்தனாருக்கே பத்து ஆகும்."

முதல்முறையாக எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வழி சொன்னார்: ஜெபத்துக்கு ஒரு பட்டியல், போய்வருவதற்கு ஒரு பட்டியல். முதல் பட்டியலில் எவ்வளவு அழுத்தினாலும் எதுவும் முடியாது. தம்பி அங்கேயே உட்கார்ந்து கால் மணி நேரத்தில் செய்து கொடுத்தார்.

செயலாளர் எழுந்தார். சட்டைப்பையிலிருந்த உறையை எடுத்துப் போதகரின் நோட்டுக்குள் வைத்து மூடினார். "நாளைக்குக் கமிட்டியில பேச வேண்டிய விஷயம் ஏற்கெனவே ஒன்பது இருக்கு. இதுக்கு இடமில்ல" என்றார் பதிவாளர் அலுவலகக் குரலில். வாசல் வரை போனவர் செருப்பை மாட்டாமல் நின்றார். "திங்கட்கிழமைன்னு எழுதியிருந்தீங்க. பேர் போச்சேன்னு வராம இருந்துடாதீங்க. பத்து மணிக்கு நாற்காலி போட்டிருப்பேன்."

போதகர் வாசலுக்குப் போய் அவருடன் நின்றார். இருவரும் பத்து நிமிடத்துக்கும் மேலாக அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே போதகர் கொத்தனார் வீட்டுக்குப் போனார். அக்காவும் தம்பியும் கூடப் போனார்கள். கொத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தார். போதகர் மன்னிப்புக் கேட்டபோதும் திரும்பவில்லை. அக்காதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நோட்டில் விழுந்த துளையிலிருந்து நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

கொத்தனார் மெல்லத் தலையைத் திருப்பினார். கட்டட வேலையில் வாழ்நாளெல்லாம் அளவு பார்த்த மனிதர். போதகர் நோட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த, துளை விழுந்த அந்தத் தாளை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தன் பெயர் இருந்த இடத்தின் வழியாகச் சன்னலைப் பார்த்தார்.

"மத்தவங்களுக்கு எத்தனை தடவை போச்சு?" என்று கேட்டார்.

தம்பி டேப்பைப் பார்த்தார். "செயலாளருக்கு மூணு. இன்னும் ரெண்டு பேருக்கு மும்மூணு. மத்தவங்களுக்கு ரெண்டு, ஒண்ணு."

"எனக்கு?"

"நாலு."

கொத்தனார் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தம் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் முதலில் சொன்ன சமாச்சாரம் அதுதான்: சபையிலேயே அதிக தடவை காணாமற்போனவன் நான்தான்.